சேசா பூடீனும் சான் பிரான்சிஸ்கோ டி.ஏ. தேர்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு வாசலில் காபியோடு நிற்கும்போது அரசியல் பேச்சு வராமல் இருக்காது. சான் பிரான்சிஸ்கோவில் யாருடைய கார் கண்ணாடியாவது உடைந்திருந்தால், "எல்லாம் அந்த டி.ஏ. பண்ணின வேலை" என்பார் ஒருவர். "அவர் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு சார்" என்பார் இன்னொருவர். "அவர் அப்பா அம்மாவே ஜெயிலில் இருந்தவங்களாமே" என்று மூன்றாமவர் ஆரம்பிப்பார். 2019-ல் ஜெயித்து 2022-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட சேசா பூடீனைப் பற்றித்தான் பேச்சு.

ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் எனக்கு ஓட்டும் இல்லை. அந்தத் தேர்தலைத் தொடக்கம் முதல் விடாமல் படித்தவன், அவ்வளவுதான்.

டி.ஏ. என்றால் யார்? நம்ம ஊர் கலெக்டர் மாதிரியா?

இல்லை. டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி என்பதன் சுருக்கம் அது. ஒரு கவுன்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) தலைமை அரசு வழக்கறிஞர். போலீஸ் ஒருவரைக் கைது செய்து கொண்டுவந்தால், அவர் மேல் வழக்குப் போடுவதா, எந்தப் பிரிவில் போடுவது, எவ்வளவு தண்டனை கேட்பது, பேசி முடிப்பதா என்றெல்லாம் முடிவு செய்வது இவருடைய அலுவலகம். அமெரிக்காவில் பெரும்பாலான கிரிமினல் வழக்குகள் விசாரணை வரைக்கும் போவதே இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் குறைந்த தண்டனை என்று இரு தரப்பும் பேசி முடித்துவிடுகின்றன. அந்தப் பேரத்தில் ஒரு பக்கம் உட்காருவது டி.ஏ.வின் ஆட்கள். நீதிபதியைவிட இவருக்குக் கை நீளம் என்று சொல்வது அதனால்தான்.

சான் பிரான்சிஸ்கோ நகரமும் அதுவே, கவுன்டியும் அதுவே. ஆகவே நகரம் முழுவதற்கும் ஒரே டி.ஏ.

சர்க்கார் வக்கீலுக்குப் போய் எலெக்ஷனா?

பப்ளிக் பிராசிக்யூட்டரை அரசாங்கம் நியமித்துப் பார்த்தே பழகிய நமக்கு இது விசித்திரம்தான். இங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய வழக்கம். ஆளுநர் தனக்கு வேண்டியவரை நியமிப்பதைவிட மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று ஒவ்வொரு மாநிலமாக மாறின. நியூ ஜெர்சி மாதிரி சில இடங்களில் இன்னமும் நியமனம்தான். அங்கே இருக்கும் உங்கள் மச்சினருக்கு இந்தக் கூத்து புரியாமல் போனால் ஆச்சரியமில்லை.

கலிஃபோர்னியாவில் டி.ஏ. தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. அந்த மாநிலத்தில் வக்கீல் தொழில் நடத்த உரிமை பெற்றவராக இருக்க வேண்டும். வழக்கமான பதவிக்காலம் நான்கு வருஷம்.

கமலா ஹாரிஸ் இருந்த பதவிதானே இது?

அதேதான். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள், துளசேந்திரபுரத்துக் கோபாலனின் பேத்தி, முதன்முதலில் ஜெயித்த தேர்தலே இந்த டி.ஏ. தேர்தல்தான். அப்போது பதவியில் இருந்த டெரன்ஸ் ஹாலினனை 2003-ல் தோற்கடித்து, 2004 ஜனவரியில் பொறுப்பேற்றார். 2010-ல் மாநில அட்டர்னி ஜெனரலாகத் தேர்வாகிக் கிளம்பியதும், காலியான இடத்தில் போலீஸ் தலைவராக இருந்த ஜார்ஜ் கஸ்கோன் நியமிக்கப்பட்டார்.

டி.ஏ.வுக்கு எவ்வளவு அதிகாரம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஹாரிஸ் காலத்துக் கதை. 2004-ல் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். மரண தண்டனை கேட்க மாட்டேன் என்று சில நாளிலேயே அறிவித்தார் ஹாரிஸ். போலீஸ் கொந்தளித்தது. இறுதிச் சடங்கில் செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் அவரை வைத்துக்கொண்டே மரண தண்டனை வேண்டும் என்று பேசினார். ஹாரிஸ் முடிவை மாற்றவில்லை. குற்றவாளிக்கு ஆயுள் தண்டனைதான் கிடைத்தது.

பூடீன் என்றால் அந்தப் புளிப்பு பிரெட் கடைக் குடும்பமா?

இல்லை. ஊரில் இருந்து வருகிறவர்களை எல்லாரும் கூட்டிக்கொண்டு போகும் அந்த பேக்கரி 1849-ல் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் தொடங்கியது. இவர் ரஷ்யப் பேரரசிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறிய யூதக் குடும்பம். எழுத்து ஒன்று, வம்சம் வேறு. அப்புறம், பெயரைச் 'சேசா' என்று மெல்லச் சொல்லாமல் 'ச்சேசா' என்று அழுத்திச் சொல்ல வேண்டும்.

வக்கீல் தொழில் இவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. தாத்தா லெனார்ட் பூடீன், வியட்நாம் போர் ரகசியங்களை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பெர்க்குக்காக வாதாடியவர். அவருடைய சித்தப்பா லூயி பூடீன் தொழிலாளர் வழக்கறிஞர், மார்க்சியம் பற்றிப் புத்தகம் எழுதியவர்.

அப்பா அம்மா இரண்டு பேருமே ஜெயிலில் இருந்தார்களாமே, நிஜமா?

நிஜம். தாய் கேத்தி பூடீன், தந்தை டேவிட் கில்பர்ட். இருவரும் வெதர் அண்டர்கிரவுண்ட் என்ற தலைமறைவு இயக்கத்தில் இருந்தவர்கள். வியட்நாம் போருக்கு எதிராக அரசுக் கட்டிடங்களில் குண்டு வைத்த கூட்டம் அது. 1981 அக்டோபர் 20-ம் தேதி, நியூயார்க் மாநிலத்தின் ராக்லாண்ட் கவுன்டியில் பிரிங்ஸ் நிறுவனத்தின் பணவண்டியை பிளாக் லிபரேஷன் ஆர்மி என்ற கறுப்பின ஆயுதக் குழுவைச் சேர்ந்தவர்கள் மறித்தார்கள். கொள்ளை போனது 16 லட்சம் டாலர். தப்பிப்பதற்கான லாரியில் காத்திருந்தவர்கள் கேத்தியும் டேவிட்டும். சேசாவுக்கு அப்போது 14 மாதம். பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரிடம் விட்டுவிட்டுப் போனவர்கள் அன்று மாலை திரும்பி வரவில்லை.

பணவண்டிக் காவலர் பீட்டர் பெய்ஜ், நயாக் ஊர் போலீஸ்காரர்கள் எட்வர்ட் ஓ'கிரேடி, வேவர்லி பிரவுன் ஆகிய மூவர் செத்தார்கள். பிரவுன்தான் அந்த ஊர் போலீசின் முதல் கறுப்பினக் காவலர். மூவருக்கும் சேர்த்து ஒன்பது பிள்ளைகள். பத்தாவதாக ஒரு பிள்ளை அன்று அப்பா அம்மாவைப் பிரிந்தது, ஆனால் அந்தப் பிள்ளை அவர்களைச் சிறையில் போய்ப் பார்க்க முடிந்தது. இந்தக் கதையைச் சொல்லும்போது சேசாவோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஒன்பது பேரை விட்டுவிடுகிறார்கள்.

அவர்கள் சுடவில்லையே, அப்புறம் எதற்கு அத்தனை வருஷம்?

கொள்ளையில் சேர்ந்தவர் எவரும், துப்பாக்கியைத் தொடாவிட்டாலும், அந்தக் கொள்ளையில் நடக்கும் கொலைக்குப் பொறுப்பு என்பது நியூயார்க் சட்டம். அம்மா குற்றத்தை ஒப்புக்கொண்டார், 20 வருஷம் முதல் ஆயுள் வரை. அப்பா நீதிமன்றத்தையே ஏற்க மறுத்துச் சரியாக வாதாடவும் இல்லை. அவருக்கு 75 வருஷம் முதல் ஆயுள் வரை. ஒரே வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு பேர்!

பரோல் கிடைத்து அம்மா 2003-ல் வெளியே வந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, சிறை மீண்டவர்களுக்காக வேலை செய்தார். அப்பா 40 வருஷம் உள்ளே இருந்தார். ஆளுநர் ஆண்ட்ரூ கோமோ பதவியை விட்டுப் போன சமயத்தில் தண்டனையைக் குறைக்க, 2021 நவம்பரில் விடுதலையானார். மகன் 'தண்டனை அளவு' என்ற சொல்லை எங்கே கற்றுக்கொண்டார் என்று யோசிக்க வேண்டியதில்லை.

அப்போ குழந்தையை யார் வளர்த்தார்கள்?

அதே இயக்கத்தின் தலைவர்களாக இருந்த பில் ஏயர்ஸ், பெர்னார்டின் டோர்ன் தம்பதி. 1980-ல் அவர்கள் தலைமறைவை விட்டு வெளியே வந்திருந்தார்கள். சிகாகோவில் தங்கள் இரண்டு மகன்களோடு சேசாவை மூன்றாவதாக வளர்த்தார்கள். ஏயர்ஸ் பேராசிரியர் ஆனார். 2008 தேர்தலில் ஒபாமா பயங்கரவாதிகளோடு பழகுகிறார் என்று கிளப்பிவிட்டார்களே, அந்தப் பேச்சில் அடிபட்டவர் இவர்தான்.

ஜெயிலில் இருந்தவர்களின் பையன் யேல், ஆக்ஸ்ஃபோர்டு என்று எப்படிப் போனார்?

சிகாகோ பல்கலைக்கழகம் நடத்தும் நல்ல பள்ளி, படித்த வீடு, புத்தகம் நிறைந்த அலமாரி. யேலில் பட்டம், ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு, திரும்பி வந்து 2011-ல் யேலிலேயே சட்டப் பட்டம், அப்புறம் கூட்டாட்சி நீதிபதிகளிடம் உதவியாளர் வேலை. சிறைக்குப் போனவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இதில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை என்று அவரே பேசியிருக்கிறார். அதைக் குறிப்பிடுவது நேர்மை. பள்ளியில் கல்லூரி ஆலோசகரிடம் காசு கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோர் இந்தப் பதிலில் வேறெதையோ தேடுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

வெனிசுவேலாவில் சாவேஸிடம் வேலை பார்த்தாராமே?

அந்த நாட்டு அதிபர் ஹியூகோ சாவேஸின் அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளராகக் கொஞ்ச காலம் இருந்தார். ஸ்பானிஷ் சரளமாக வரும். எதிரிகளுக்கு இது நல்ல அவல். சான் பிரான்சிஸ்கோவில் இது ஓட்டை இழக்கவைத்த விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள்கூட பிராசிக்யூட்டராக இருந்ததில்லையே, எப்படி நிற்க முடிந்தது?

சட்டத்தில் தடை இல்லை (இரண்டாம் கேள்வியைப் பாருங்கள்). அவர் இருந்தது எதிர் மேஜையில். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசே சம்பளம் கொடுத்து வாதாட வைக்கும் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். சான் பிரான்சிஸ்கோவில் அந்த அலுவலகத்தின் தலைவரையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், கலிஃபோர்னியாவில் வேறெங்கும் இல்லாத வழக்கம் இது. வெகுகாலம் தலைவராக இருந்த ஜெஃப் அடாச்சி 2019 பிப்ரவரியில் திடீரென இறந்தார். அப்போது பூடீன் களத்தில் இறங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

இப்படி மேஜை மாறி நின்ற முதல் ஆள் இவர் இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் போலீஸ் மேல் எழுபதுக்கும் மேற்பட்ட வழக்குப் போட்ட லாரி கிராஸ்னர் 2017-ல் டி.ஏ. தேர்தலில் நின்று ஜெயித்துவிட்டார். அந்த வெற்றிதான் மற்ற ஊர்களில் பலருக்குத் தைரியம் கொடுத்தது. 'பிராசிக்யூஷன் அனுபவம் இல்லை' என்று சொல்பவர்கள், போலீஸ் தலைவராக இருந்து நேராக டி.ஏ. ஆன கஸ்கோனுக்கும் அது இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். என் கணக்கில் அனுபவம் இல்லாதது சின்னக் குறை. நூற்றுக்கு மேல் வக்கீல்கள் உள்ள அலுவலகத்தை நடத்திப் பழக்கமில்லாதது பெரிய குறை. அது பின்னால் தெரிந்தது.

என்ன சொல்லி ஓட்டுக் கேட்டார்?

கூட்டம் கூட்டமாக அவர் சொன்ன கதை ஒன்றுதான்: என் முதல் ஞாபகமே சிறை வாசலில் உலோகச் சோதனைக் கருவியைத் தாண்டிப் போய் அப்பா அம்மாவைக் கட்டிப்பிடித்தது. சிறை ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், அது எங்கே பயன்படவில்லை என்பதும் தெரியும். இந்த முன்னுரைக்குப் பிறகுதான் வாக்குறுதிகள் வரும்: ஜாமீனுக்குப் பணம் கேட்பதை நிறுத்துவேன், தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்கைத் திரும்பப் பார்ப்பேன், வரம்பு மீறும் போலீஸ் மேலும் வழக்குப் போடுவேன், குடியேறிகளுக்குத் தனிக் கவனம், தெருவில் கூடாரம் போட்டுப் படுப்பது மாதிரியான விஷயங்களுக்கு வழக்குப் போட மாட்டேன்.

கடைசி வாக்குறுதிதான் பின்னால் அவர் கழுத்தைப் பிடித்தது. பிச்சை கேட்காத தெரு இல்லை, குப்பையை மிதிக்காத கால் இல்லை என்ற நிலையில் இருந்த நகரத்தில், தெருவின் நிலைமையைத் தினமும் பார்க்கிறவனுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் ஆதரவு கொடுத்ததும் நாடு முழுக்கப் பேர் பரவியது.

ஜாமீனுக்குப் பணம் வேண்டாம் என்றால் எல்லாரையும் விட்டுவிடுவதா?

அப்படி இல்லை. ஆபத்தானவர் என்றால் பணம் இருந்தாலும் உள்ளே, இல்லை என்றால் பணம் இல்லாவிட்டாலும் வெளியே என்பதுதான் வாதம். சான் பிரான்சிஸ்கோவிலேயே ஒரு வழக்கு இதை ஊருக்குப் புரியவைத்தது. ஹம்ஃப்ரி என்ற அறுபதைத் தாண்டிய முதியவர் பக்கத்து அறைக்காரரிடம் 5 டாலரும் ஒரு வாசனைத் திரவிய பாட்டிலும் பறித்ததாக 2017-ல் கைது. கேட்ட ஜாமீன் 6 லட்சம் டாலர், பிறகு மூன்றரை லட்சம். கட்ட முடியாமல் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தார். பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகம் இதை எதிர்த்துப் போராடியபோது அந்த வேலையில் பூடீனுக்கும் பங்கு இருந்தது.

ஒருவரால் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்க்காமல் தொகை வைக்கக் கூடாது என்று 2018 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2021 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றமும் அந்தப் பக்கமே நின்றது. ஆக, தேர்தலில் 'தீவிரவாதம்' என்று பேசப்பட்ட விஷயத்தின் பாதியைப் பிறகு நீதிமன்றமே சட்டமாக்கிவிட்டது.

எதிரே யார் நின்றார்கள்?

மூன்று பேர், மூவருமே பிராசிக்யூட்டர் அனுபவம் உள்ளவர்கள். சூஸி லோஃப்டஸ், நான்சி டங், லீஃப் டாட்ச். லோஃப்டஸ் போலீஸ் ஆணையத்தின் முன்னாள் தலைவர், கமலா ஹாரிஸிடம் வேலை பார்த்தவர். ஹாரிஸ், ஃபைன்ஸ்டைன், ஆளுநர் நியூசம், மேயர் லண்டன் பிரீட் என்று மாநிலத்தின் பெரிய தலைகள் எல்லாம் அவர் பக்கம். டங் நால்வரில் கடுமையாகப் பேசியவர். சீர்திருத்தம் வேண்டாம் என்று சொன்னவர் நால்வரில் ஒருவர்கூட இல்லை என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

தேர்தலுக்கு முன்னாடியே மேயர் ஒருத்தரை நாற்காலியில் உட்காரவைத்தாராமே?

ஆமாம், லோஃப்டஸைத்தான். மறுபடி நிற்கப் போவதில்லை என்று சொல்லியிருந்த கஸ்கோன், லாஸ் ஏஞ்சலஸில் போட்டியிடுவதற்காக 2019 அக்டோபரில் பாதியில் விலகினார். ஓட்டுப்பதிவு நவம்பர் 5. நடுவில் இருந்த சில வாரத்துக்கு மேயர் பிரீட் லோஃப்டஸைத் தற்காலிக டி.ஏ. ஆக்கினார்.

பதவியில் இருப்பவர் இல்லாத டி.ஏ. தேர்தல் அந்த ஊரில் நூறு வருஷத்துக்கு மேல் நடந்ததில்லை. அப்படி ஒரு வாய்ப்பு வந்திருக்கும்போது ஒருவரை மட்டும் ஏற்றி உட்காரவைத்தது பலருக்குக் கடுப்பு. மறியல்கூட நடந்தது. மேயருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது, சட்டப்படி தப்பில்லை. தேர்தல் புத்தி என்று பார்த்தால் படு மோசம். வெளியாள் என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு அதை நிரூபித்துக் கொடுத்தார்கள்.

போலீஸ் சங்கம் இவரை எதிர்த்துப் பணம் கொட்டியதா?

6 லட்சம் டாலருக்கு மேல். அஞ்சலில் அட்டை அட்டையாக வந்தது. குற்றவாளிகளுக்குப் பிடித்த வேட்பாளர் இவர்தான் என்கிற தொனியில் எல்லாம். போலீஸ் சங்கத்துக்கே நல்ல பேர் இல்லாத ஊரில் இது யாருக்கு லாபம் என்று அவர்கள் யோசித்திருக்கலாம். தேர்தல் இரவுக் கொண்டாட்டத்தில் நகர சபை உறுப்பினர் ஒருவர் மேடையேறி போலீஸ் சங்கத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டிக் கோஷம் போட்டார், கூட்டமும் சேர்ந்து கத்தியது. சுற்றி நின்றவர்களுக்கு உற்சாகம், மறுநாள் வீடியோவில் பார்த்த போலீஸ்காரர்களுக்கு ஆறாத வடு. டி.ஏ.வும் போலீசும் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும் என்பது அந்த இரவில் யாருக்கும் நினைவில்லை.

முதல் சுற்றில் 36 சதவீதம்தான். அப்புறம் எப்படி ஜெயித்தார்?

சான் பிரான்சிஸ்கோவில் விருப்ப வரிசை ஓட்டு. குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் 1, 2, 3 என்று எண் போடுகிறார்களே, அதே மாதிரிதான். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள்.

முதல் விருப்பத்தில் பூடீன் சுமார் 36, லோஃப்டஸ் 31, டங் 19, டாட்ச் 14 சதவீதம். டாட்ச் வெளியேறினார், பிறகு டங் வெளியேறினார். டங்கின் ஓட்டில் பெரும்பகுதி லோஃப்டஸுக்குப் போய் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் பூடீன் 50.8, லோஃப்டஸ் 49.2. வித்தியாசம் மூவாயிரம் ஓட்டுக்கும் குறைவு. எண்ணிக்கை நாலைந்து நாள் இழுத்தது. நவம்பர் 9-ம் தேதி லோஃப்டஸ் தோல்வியை ஒப்புக்கொண்டார். பூடீன் அப்போது விமானத்தில் இருந்தார், சிறையில் அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில்.

அம்மா அப்பா கதையை வைத்து அனுதாப ஓட்டு வாங்கினார் என்று சொல்லலாமா?

இதற்குத்தான் வாசலில் குரல் உயரும். என் எண்ணத்தைச் சொல்கிறேன். கதை இல்லாவிட்டால் ஒரு சாதாரண டிஃபெண்டரின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்திருக்காது, நன்கொடையும் வந்திருக்காது. அந்த அளவுக்குக் கதைதான் முதல். ஆனால் ஜெயித்தது எதனால்? முந்தைய மூன்று பதில்களைச் சேர்த்துப் படியுங்கள். மேயரின் நியமனம், போலீஸ் அட்டைகள், எதிர் ஓட்டு மூன்றாகப் பிரிந்தது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மூவாயிரம் ஓட்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போயிருக்கும்.

நூற்றுக்கு 36 பேர்தான் அவரை முதலில் விரும்பினார்கள். ஊரே புரட்சிக்கு ஓட்டுப் போட்டது என்று அவர் ஆட்களும் எழுதினார்கள், எதிரிகளும் எழுதினார்கள். இரண்டு தரப்புமே அந்த 36-ஐ மறந்தது. மறக்காமல் இருந்திருந்தால் பதவியில் கொஞ்சம் மெதுவாக நடந்திருப்பாரோ என்னவோ.

ஜெயித்தவரை ஏன் பாதியில் தூக்கினார்கள்?

2020 ஜனவரி 8 பதவியேற்பு. உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர் வீடியோவில் வாழ்த்து அனுப்பியிருந்தார். இரண்டாம் நாளே ஏழு அனுபவசாலி பிராசிக்யூட்டர்களை வேலையை விட்டு அனுப்பினார். அதே மாதத்தில் பண ஜாமீன் கேட்பதை நிறுத்தினார். இரண்டு மாதத்தில் கொரோனா.

அந்த வருஷக் கடைசி நாளில், பரோலில் இருந்த ஒருவர் திருட்டுக் காரை ஓட்டி இரண்டு பெண்களைக் கொன்றார். முந்தைய மாதங்களில் அவர் பலமுறை கைதாகியும் டி.ஏ. அலுவலகம் புது வழக்குப் போடாமல் பரோல் அதிகாரிகளிடம் விட்டிருந்தது. ஒரு மாதம் கழித்து, காலை நடைக்குப் போன 84 வயது தாய்லாந்துக்காரர் ஒருவரை ஓடிவந்து தள்ளிக் கொன்றார் இன்னொருவர். ஆசியக் குடும்பங்களில் பயம் வீட்டுக்குள் வந்துவிட்டது. சீன வம்சாவளி வாக்காளர்கள் பள்ளிக் குழு உறுப்பினர்கள் மூவரை 2022 பிப்ரவரியில் ரீகால் ஓட்டில் (பதவியில் இருப்பவரைப் பாதியில் இறக்கும் வாக்கெடுப்பு) தூக்கியடித்ததில் முன்னே நின்றார்கள், அந்த வேகம் ஜூனிலும் தொடர்ந்தது. டி.ஏ. அலுவலகத்திலிருந்து விலகிய புரூக் ஜென்கின்ஸ் எதிர்ப் பிரசாரத்தின் முகமானார். எதிர்த் தரப்பு செலவழித்தது 70 லட்சம் டாலருக்கு மேல், பெரும்பகுதி பணக்கார நன்கொடையாளர்களுடையது. ஜூன் 7-ம் தேதி பூடீன் மேல் நடந்த ரீகால் ஓட்டில் 55 சதவீதம் பேர் 'போகட்டும்' என்றார்கள். அதற்கு ஐந்து வாரம் முன்னால், மே 1-ம் தேதி, அவர் அம்மா புற்றுநோயில் இறந்திருந்தார்.

மேயர் பிரீட் ஜென்கின்ஸையே நியமித்தார். அவர் 2022-லும் 2024-லும் தேர்தலில் ஜெயித்தார். பூடீன் 2023 முதல் பெர்க்லி சட்டக் கல்லூரியில் ஒரு மையத்தை நடத்துகிறார்.

குற்றம் கூடியது அவரால்தானா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. நகரத்தில் கொலை 2019-ல் 41, 2020-ல் 48, 2021-ல் 56. கூடியது உண்மை. 2020-ல் நாடு முழுக்கவே கொலை ஏறக்குறைய 30 சதவீதம் கூடியது, கெடுபிடி டி.ஏ. இருந்த ஊர்களிலும். வீடு புகுந்து திருடுவது கூடியது. சுற்றுலாக் கூட்டம் வராததால் கார் கண்ணாடியை உடைத்துத் திருடுவது முதலான சில்லறைத் திருட்டுகள் 2020-ல் நன்றாகக் குறைந்தன. ஃபென்டனில் முதலான போதைப்பொருள்களால் அந்த ஒரு வருஷத்தில் சுமார் 700 பேர் செத்தார்கள். இதில் எவ்வளவு டி.ஏ. கணக்கில் எழுதுவது?

கண்ணாடி உடைத்தவனைப் போலீஸ் பிடித்தால்தான் டி.ஏ.வுக்கே வேலை. பெரும்பாலும் பிடிபடுவதே இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்வேன். மக்கள் பயந்திருக்கும்போது புள்ளிவிவரம் காட்டிப் பேசியது அவருடைய பெரிய தப்பு. காரில் கண்ணாடிச் சில்லைப் பொறுக்கிக்கொண்டிருப்பவரிடம் போய் வரைபடத்தைக் காட்டக் கூடாது.

நாங்கள் எச்1பி, ஓட்டே இல்லை. எங்களுக்கு எதற்கு இந்தக் கதை?

உங்களுக்குத்தான் அதிகம் தேவை. குடியுரிமை இல்லாதவருக்கு ஒரு சின்னக் குற்றத்தை ஒப்புக்கொள்வதுகூட விசா போகக் காரணமாகலாம். ஒரே செயலை எந்தப் பிரிவில் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து நாடு கடத்தலா, அபராதத்தோடு வீடா என்று மாறும். முதல் கேள்வியில் சொன்ன பேரம் இங்கேதான் உயிர் பெறுகிறது. இந்தப் பேரத்தில் குடியேற்ற விளைவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டமே பிராசிக்யூட்டர்களுக்குச் சொல்கிறது. எவ்வளவு மனதோடு எடுக்கிறார்கள் என்பது டி.ஏ.வைப் பொறுத்தது. கோர்ட் சம்பந்தமாக எது வந்தாலும் குடியேற்ற வக்கீலைப் பார்க்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று சொல்லிவிடாதீர்கள்.

நாங்கள் ஃப்ரீமான்ட், அவங்க சன்னிவேல். எங்க டி.ஏ. யார்?

ஃப்ரீமான்ட் அலமீடா கவுன்டி. அங்கே இதே படம் இன்னொரு தடவை ஓடியது. சிவில் உரிமை வக்கீல் பமீலா பிரைஸ் 2022-ல் ஜெயித்தார், 2024 நவம்பரில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஓட்டுப் போட்டு இறக்கினார்கள். 2025-ல் முன்னாள் நீதிபதி உர்சுலா ஜோன்ஸ் டிக்சன் நியமிக்கப்பட்டார். சன்னிவேல், சான் ஹோசே எல்லாம் சான்டா கிளாரா கவுன்டி. அங்கே 2011-லிருந்து ஜெஃப் ரோசன்.

டி.ஏ. தேர்தலை ஜனாதிபதி தேர்தல் வருஷத்துக்கு மாற்றி மாநிலச் சட்டம் வந்துவிட்டது. அதனால் 2022-ல் முழுப் பதவிக்காலத்துக்கு ஜெயித்தவர்களுக்கு அது ஆறு வருஷமாக நீண்டது. வழக்கமான தேர்தல் அடுத்து 2028-ல். ஓட்டுச்சீட்டில் நீதிபதிகளுக்குப் பக்கத்தில், நம்மில் பலர் பேரைப் படிக்காமலே காலியாக விட்டுவிட்டு உறையை ஒட்டும் இடத்தில் இருக்கும்.